வீட்டு வயரிங்கில் சிறிய ஜெனரேட்டரை இணைப்பது எப்படி?

சிறிய ஜெனரேட்டர் வாங்குவதில் பெரிய சிக்கல் இல்லை. எண்ணெய் ஊற்றி, பெட்ரோல் நிரப்பி, கயிற்றை இழுத்தால் ஓடத் தொடங்கிவிடும். அடுத்த படிதான் கஷ்டம். ஜெனரேட்டரின் முகப்பில் ஒன்றிரண்டு சாக்கெட்டுகள் மட்டுமே இருக்கின்றன. வீட்டில் விளக்கும் ஃபேனும் சுவருக்குள் ஓடும் வயரிங்கில் இருக்கின்றன. இந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

முழுக் கட்டுரைக்கும் அடிப்படையான ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வரும் மெயின் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் ஒரே கம்பியில் ஒரு நொடிகூடச் சந்திக்கக் கூடாது. அந்தப் பிரிவை ஒரு ஸ்விட்சின் இயந்திர அமைப்பு உறுதி செய்ய வேண்டும். வீட்டில் இருப்பவரின் ஞாபகசக்தியை நம்பி அதை விடக் கூடாது. கீழே வரும் எல்லாமே இதிலிருந்து கிளைப்பவைதான். வயரிங்கைத் தொடும் வேலை முழுவதையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். உங்கள் பகுதி மின்வாரியத்தின் அனுமதி தேவையா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எலக்ட்ரீஷியன் செய்வது சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும், பிறகு தினசரி சரியாக இயக்கவும் இந்த விவரங்கள் உங்களுக்குத் தேவை.

செய்யவே கூடாத ஒன்று

இரண்டு முனையிலும் ப்ளக் வைத்த ஒரு வயரைச் செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவர் சாக்கெட்டிலும் செருகும் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. சாக்கெட் வழியாகக் கரண்ட் பின்னோக்கிப் போய் வீடு முழுக்கப் பரவும், விளக்குகளும் எரியும். வேலை செய்கிறது என்பதால் பலர் இதைத் தொடர்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், வீட்டில் யாரையும் செய்ய விடாதீர்கள்.

முதல் ஆபத்து கண்ணெதிரே இருக்கிறது. ஒரு முனை ஜெனரேட்டரில் இருக்கும்போது மறுமுனை சுவரிலிருந்து கழன்றால், அந்தப் பித்தளைப் பின்கள் 230 வோல்ட்டோடு வெளியே நிற்கும். இருட்டில் ஒரு குழந்தை அதை எடுத்தால் போதும்.

இரண்டாவது ஆபத்து வீட்டுக்கு வெளியே. மெயின் ஸ்விட்ச் ஆன் நிலையில் இருந்தால் ஜெனரேட்டர் கரண்ட் மீட்டரைத் தாண்டித் தெருக்கம்பிக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்கும் போகும். டிரான்ஸ்ஃபார்மர் இரு திசையிலும் வேலை செய்யும் கருவி. 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்குத் தரும் அதே டிரான்ஸ்ஃபார்மர், வீட்டுப் பக்கமிருந்து கரண்ட் வந்தால் அதை மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். சப்ளை நிறுத்தப்பட்ட கம்பி என்று நம்பிக் கை வைக்கும் லைன்மேன் உயிரிழப்பது இப்படித்தான். இதற்கு பேக்ஃபீட் என்று பெயர்.

“தெருவில் இத்தனை வீட்டு லோடு இருக்கிறது, என் சின்ன ஜெனரேட்டர் அதைத் தாங்காமல் உடனே நின்றுவிடும், அப்புறம் என்ன ஆபத்து?” என்று சிலர் வாதிடுவார்கள். பல நேரம் நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் உங்கள் வீட்டுக்கு அருகிலேயே கம்பி அறுந்திருந்தால் அந்தப் பக்கம் லோடே இருக்காது. ஜெனரேட்டர் நிற்காமல் ஓடும், அறுந்த கம்பியில் மின்னழுத்தம் இருக்கும். லைன்மேன் வந்து நிற்கப்போவதும் அந்த இடத்தில்தான்.

“மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் போடுவேன்” என்பது அடுத்த வாதம். நூறு முறை சரியாகச் செய்யலாம். நள்ளிரவில், களைப்பில், அல்லது நீங்கள் வீட்டில் இல்லாதபோது வேறொருவர் செய்யும்போது ஒரு முறை தவறினால் போதும். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கையில் மெயின் கரண்ட் திரும்பி வந்தால், இரண்டும் மோதி ஜெனரேட்டரின் வைண்டிங் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) கருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

வயரிங்கைத் தொடாமலே ஒரு வழி

ஒரு ஃப்ரிட்ஜ், இரண்டு விளக்கு, ஒரு டேபிள் ஃபேன், போன் சார்ஜர். இவ்வளவுதான் தேவை என்றால் வீட்டு வயரிங்கோடு இணைக்கவே வேண்டாம். ஜெனரேட்டர் சாக்கெட்டிலிருந்து ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் கேபிளை எடுத்து, சாதனங்களை அதில் நேரடியாகச் செருகுங்கள். எப்போதாவது கரண்ட் போகும் வீட்டுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. செலவும் குறைவு, தவறு நேரும் இடங்களும் குறைவு.

கேபிள் மூன்று கோர் உள்ளதாக, அதாவது எர்த் கம்பியோடு, இருக்க வேண்டும். 16 ஆம்பியருக்குள் எடுப்பதாக இருந்தால் 2.5 சதுர மி.மீ. செம்பு கேபிள் நல்லது. சுருட்டி வைத்த கேபிளில் அதிக லோடு எடுத்தால் சூடு வெளியேற வழியின்றி உறை உருகும். அதனால் ட்ரம்மில் சுற்றியிருந்தால் முழுவதையும் பிரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கதவிடுக்கில் கேபிள் நசுங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு லோடு தாங்கும்?

வீட்டோடு இணைக்க முடிவு செய்தால், முதல் வேலை ஒரு தாளில் கணக்குப் போடுவது. ஜெனரேட்டரின் பெயர்ப்பலகையில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அதிகபட்சத் திறன், மற்றது தொடர்ந்து தரக்கூடிய திறன். இரண்டாவது எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் நான்கில் மூன்று பங்கு வரை லோடு போட்டால் எஞ்சின் நீடித்து உழைக்கும். திறனை கே.வி.ஏ.வில் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்த அளவு) சொல்லியிருந்தால், வாட் கணக்கையும் பலகையில் தேடுங்கள். பல ஜெனரேட்டர்களில் அது கே.வி.ஏ.வில் 0.8 பங்குதான். 2 கே.வி.ஏ. என்றால் 1,600 வாட். கரண்ட்டாகப் பார்த்தால், அந்த 2 கே.வி.ஏ. 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர்.

இப்போது சாதனங்கள். நான்கு சீலிங் ஃபேன், ஒன்றுக்கு 75 வாட் வைத்தால் 300. பத்து எல்.இ.டி. விளக்கு, ஒன்றுக்கு 9 வாட் என்றால் 90. டிவி 100. இணைய ரௌட்டர் 15. ஃப்ரிட்ஜ் ஓடும்போது 150. மொத்தம் 655 வாட். 1,600 வாட் ஜெனரேட்டருக்கு இது சுலபமான லோடு.

மோட்டார் உள்ள சாதனங்களில்தான் கணக்கு தப்பும். மோட்டார் கிளம்பும் அந்த ஒன்றிரண்டு நொடியில், ஓடும்போது எடுப்பதைப் போல மூன்று முதல் ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். 150 வாட் ஃப்ரிட்ஜ் அந்த நொடியில் 800, 900 வாட் கேட்கலாம். 1 ஹெச்.பி. தண்ணீர் மோட்டார் ஓடும்போதே சுமார் 1,000 வாட் எடுக்கும். கிளம்பும்போது 2 கே.வி.ஏ. ஜெனரேட்டரைத் திணறடித்துவிடும். விளக்குகள் மங்கி, எஞ்சின் சத்தம் அடங்கி, மோட்டார் சுற்றாமல் ‘உம்’ என்று நிற்கும். அப்படியே விட்டால் மோட்டார் வைண்டிங் சூடேறிக் கெடும். வாட்டர் ஹீட்டர், அயன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு, ஏ.சி. ஆகியவற்றைச் சிறிய ஜெனரேட்டரின் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள்.

சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச்

மெயினையும் ஜெனரேட்டரையும் பிரித்து வைக்கும் கருவி இதுதான். மூன்று நிலைகள் இருக்கும். 1-ல் வைத்தால் வீடு மெயினோடு சேரும், 2-ல் வைத்தால் ஜெனரேட்டரோடு சேரும், நடுவில் 0 என்றால் இரண்டும் இல்லை. ஒரே கைப்பிடி என்பதால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இணைய வழியே இல்லை. யார் இயக்கினாலும், எவ்வளவு அவசரத்தில் இயக்கினாலும் இது மாறாது.

டிபி பாக்ஸிலேயே (வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் கரண்ட்டைப் பிரித்துத் தரும் பெட்டி) மெயின் எம்.சி.பி.யையும் (லோடு கூடினால் தானாக விழும் ஸ்விட்ச்) ஜெனரேட்டர் எம்.சி.பி.யையும் பக்கத்தில் பொருத்தி, நடுவே ஒரு நகரும் தகடு வைக்கும் இன்டர்லாக் முறையும் உண்டு. ஒன்றை ஆஃப் செய்தால்தான் தகடு நகர்ந்து மற்றதை ஆன் செய்ய விடும். அந்தப் பெட்டிக்கென்றே நிறுவனம் தயாரித்த தகடாக இருந்தால் இதுவும் சரியான முறைதான். ஒயர்மேன் தகரத்தை வெட்டிச் செய்து தருவதை ஏற்காதீர்கள். தானாக மாறும் ஏ.டி.எஸ். கருவி, தானாக ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டருக்குத்தான் பொருந்தும். கயிறு இழுக்கும் ஜெனரேட்டருக்கு அது தேவையில்லை.

ஸ்விட்ச் வாங்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, போல் எண்ணிக்கை. சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு இரண்டு போல், அதாவது ஃபேஸோடு (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) சேர்ந்து மாறும் ஸ்விட்ச். த்ரீ ஃபேஸ் என்றால் நான்கு போல். இரண்டு, ஆம்பியர் அளவு. ஜெனரேட்டர் தருவது 9 ஆம்பியர்தானே என்று சிறிய ஸ்விட்ச் வாங்கிவிடுகிறார்கள். மெயின் கரண்ட் முழுவதும் வருடம் முழுக்க இந்த ஸ்விட்ச் வழியாகத்தான் போகப்போகிறது. எனவே மெயின் எம்.சி.பி. 63 ஆம்பியர் என்றால் ஸ்விட்சும் 63 ஆம்பியருக்குக் குறையக் கூடாது.

பொருத்தும் இடம், மீட்டருக்கும் மெயின் ஸ்விட்சுக்கும் அடுத்து, டிபி பாக்ஸுக்கு முன். முடிந்தால் அவசியமான சர்க்யூட்களை மட்டும் ஒரு சிறிய தனி டிபி பாக்ஸுக்கு மாற்றி, அதற்கு மட்டும் சேஞ்ச் ஓவர் வைக்கச் சொல்லுங்கள். ஹீட்டரும் ஏ.சி.யும் ஜெனரேட்டர் பக்கம் வரவே முடியாது என்பதால், வீட்டில் யார் எந்த ஸ்விட்சைப் போட்டாலும் கவலை இல்லை. கூடுதல் செலவுக்குத் தகுந்த பலன் இதில் உண்டு.

ஜெனரேட்டரிலிருந்து வரும் கேபிளுக்கு வெளிச்சுவரில் ஒரு இன்லெட் பெட்டி வைக்க வேண்டும். இதன் பின்கள் குழிவாக உள்ளே இருக்கும், மூடி இருக்கும். நீல நிற இண்டஸ்ட்ரியல் ப்ளக் வகையில், ஐ.பி.44 அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தில், மழைத்துளி புகாததாக வாங்குங்கள். சேஞ்ச் ஓவர் சரியாக இருந்தால் இந்தப் பின்களுக்கு வீட்டுப் பக்கமிருந்து கரண்ட் வரவே வராது.

த்ரீ ஃபேஸ் வீட்டில் சிங்கிள் ஃபேஸ் ஜெனரேட்டரை இணைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூன்று ஃபேஸையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கரண்ட் கொடுத்தால், சாதாரணமாக ஒன்றையொன்று ஈடுகட்டும் நியூட்ரல் கரண்ட் இப்போது மொத்தமாகக் கூடும். பொது நியூட்ரல் கம்பி அதைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியன் பார்த்தாக வேண்டும். த்ரீ ஃபேஸ் மோட்டார் எதுவும் இதில் ஓடாது, அதன் எம்.சி.பி. ஆஃபிலேயே இருக்கட்டும்.

நியூட்ரலும் எர்த்தும்

பல வீடுகளில் விடுபட்டுப் போவது இதுதான். மெயின் சப்ளையில் நியூட்ரல் ஏற்கெனவே பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் அப்படி இல்லை. இரண்டு கம்பிகளும் பூமியோடு தொடர்பின்றி மிதக்கும். இதன் அடையாளம் எளிது. டெஸ்டரைச் சாக்கெட்டின் இரண்டு துளைகளிலும் வைத்தால், ஒன்றில் பிரகாசமாகவும் மற்றதில் எரியாமலும் இருப்பதற்குப் பதிலாக, இரண்டிலும் மங்கலாக எரியும்.

தனியாக ஒரு சாதனத்தை ஓட்டும்போது இதனால் பெரிய தொல்லை இல்லை. வீட்டோடு இணைத்து, இரண்டு போல் ஸ்விட்ச் நியூட்ரலையும் துண்டித்துவிட்டால் நிலைமை வேறு. ஆர்.சி.சி.பி. என்பது ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்த்து, பூமி வழியாகக் கசிந்தால் விழும் கருவி. நியூட்ரல் பூமியோடு சேரவே இல்லையென்றால், கசிந்த கரண்ட் திரும்பிவர வழி கிடையாது. ஆர்.சி.சி.பி.யும் விழாது. ஃப்ரிட்ஜின் உடம்பில் ஷாக் இருந்தாலும் பாதுகாப்பு தூங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே ஜெனரேட்டர் பக்கத்தில், சேஞ்ச் ஓவருக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் முன்னால், நியூட்ரலையும் எர்த்தையும் ஒரே ஒரு இடத்தில் இணைக்க வேண்டும். இரண்டு இடத்தில் இணைத்தால் நியூட்ரல் கரண்ட்டில் ஒரு பங்கு எர்த் கம்பியில் ஓடும், ஆர்.சி.சி.பி. காரணமின்றி விழும். சில ஜெனரேட்டர்களில் இந்த இணைப்பு உள்ளேயே இருக்கும். அதனால் மேனுவலைப் பார்க்காமல் எலக்ட்ரீஷியன் இதில் கை வைக்கக் கூடாது. எர்த் கம்பி மட்டும் எந்த ஸ்விட்ச் வழியாகவும் போகக் கூடாது. ஜெனரேட்டரின் உடம்பும் வீட்டு எர்த்தும் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ஜெனரேட்டர் ஓடும்போது ஆர்.சி.சி.பி.யைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பட்டன் கருவிக்குள்ளேயே ஒரு கசிவை உண்டாக்குகிறது, எர்த் இணைப்பே இல்லாவிட்டாலும் விழுந்துவிடும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கசிவை உண்டாக்கிப் பார்க்கும் டெஸ்டரைச் சாக்கெட்டில் செருகி, அப்போதும் விழுகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

வீட்டில் இன்வெர்ட்டரும் சோலாரும் இருந்தால்

பேட்டரி இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், ஜெனரேட்டர் கரண்ட் வந்ததும் அது பேட்டரியைச் சார்ஜ் செய்யத் தொடங்கும். சில நூறு வாட் இதற்கே போய்விடும், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரின் வோல்டேஜ் ஏற்ற இறக்கம் பிடிக்காமல் சில இன்வெர்ட்டர்கள் அதை ஏற்காது. பின்புறம் ‘நார்மல்’ அல்லது ‘வைடு’ என்று ஸ்விட்ச் இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள்.

மின்வாரியக் கம்பியோடு இணைந்த சோலார் இருந்தால் அது மெயின் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஜெனரேட்டர் ஓடும்போது துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் சோலார் இன்வெர்ட்டர் ஜெனரேட்டரையே மின்வாரியக் கம்பி என்று எடுத்துக்கொண்டு கரண்ட்டை அதற்குள் தள்ளக் கூடும். ஜெனரேட்டர் கெட்டுப்போகும்.

எங்கே வைப்பது?

வெளியே, திறந்த வெளியில். வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையைப் பார்த்தபடி. எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. வராந்தா, கார் நிறுத்தும் ஷெட், மாடிப்படிக்கு அடியில், பால்கனி எதுவும் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் ஃபேன் போட்டாலும் போதாது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்து நல்ல காற்றில் நின்று, மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு இந்த அறிகுறிகள் தெரியவே தெரியாது. அதனால் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கையறைப் பக்கம் வையுங்கள். ஜெனரேட்டர் வாங்கக் காசு ஒதுக்கும்போதே அதற்கும் ஒதுக்குங்கள்.

மழையில் நனையாதபடி மேலே கூரை இருக்கலாம், நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும். ஈரக்கையோடு தொடாதீர்கள். பெட்ரோல் ஊற்றும் முன் எஞ்சினை நிறுத்தி, சூடு ஆற விடுங்கள். சைலன்சர் மேல் சிந்தும் பெட்ரோல் நொடியில் பற்றிக்கொள்ளும்.

இயக்கும் வரிசை

இதை ஒரு தாளில் எழுதி சேஞ்ச் ஓவர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். டிபி பாக்ஸில் ஜெனரேட்டரில் ஓடலாம் என்கிற எம்.சி.பி.களுக்கு மட்டும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால் இன்னும் நல்லது.

1. டிபி பாக்ஸின் எல்லா எம்.சி.பி.களையும் ஆஃப் செய்து, சேஞ்ச் ஓவரை 0-க்குக் கொண்டுவாருங்கள்.
2. எஞ்சின் எண்ணெய் அளவைப் பாருங்கள். ஜெனரேட்டரின் எம்.சி.பி. ஆஃபில் இருக்கும்போதே கேபிளை இரு பக்கமும் செருகுங்கள்.
3. ஸ்டார்ட் செய்து, லோடு இல்லாமல் இரண்டு மூன்று நிமிடம் ஓட விடுங்கள். வோல்ட் மீட்டர் இருந்தால் 230-ஐ ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். முள் ஆடிக்கொண்டே இருந்தால் மேலே போகாதீர்கள்.
4. ஜெனரேட்டரின் எம்.சி.பி.யை ஆன் செய்து, சேஞ்ச் ஓவரை 2-க்குத் திருப்புங்கள்.
5. முதலில் ஃப்ரிட்ஜ் போன்ற மோட்டார் சாதனம். அது கிளம்பி எஞ்சின் சத்தம் சீரானதும் ஃபேன், விளக்கு என்று ஒவ்வொன்றாக.

ஃப்ரிட்ஜ் நின்ற உடனே மறுபடி கிளப்பக் கூடாது, ஐந்து நிமிடம் இடைவெளி கொடுங்கள்.

மெயின் கரண்ட் வந்ததா என்று எப்படித் தெரியும்? சேஞ்ச் ஓவரின் மெயின் பக்கத்தில் ஒரு சிறிய இண்டிகேட்டர் விளக்கு வைக்கச் சொல்லுங்கள். அது எரிந்ததும் அவசரப்படாமல் சில நிமிடம் காத்திருங்கள், வந்த கரண்ட் திரும்பப் போவது சகஜம். பிறகு எம்.சி.பி.களை ஆஃப் செய்து, சேஞ்ச் ஓவரை 0-க்குக் கொண்டுவந்து, ஒரு நிமிடம் கழித்து 1-க்கு மாற்றி, எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஜெனரேட்டரை லோடு இல்லாமல் சில நிமிடம் ஓடவிட்டு ஆற வைத்து நிறுத்துங்கள். பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, கேபிளைக் கடைசியாகக் கழற்றுங்கள்.

மாதம் ஒருமுறை

கரண்ட் போகாவிட்டாலும் மாதத்தில் ஒரு நாள் பத்து, பதினைந்து நிமிடம் லோடோடு ஓட்டிப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு முறை அந்தத் தாளைப் பார்த்து இயக்கிப் பழகட்டும். நீண்ட நாள் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள், பழைய பெட்ரோல் பிசினாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். புது எஞ்சினுக்கு முதல் எண்ணெய் மாற்றம் பெரும்பாலும் 20 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு, அதற்கடுத்த இடைவெளி மேனுவலில் இருக்கும். அப்படியே இன்லெட் பெட்டியின் மூடியைத் திறந்து, பின்கள் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். கறுத்திருந்தால் இணைப்பு தளர்ந்து சூடாகிறது என்று அர்த்தம், எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அதில் லோடு போடாதீர்கள்.